மைனரின் காதில் சொன்ன பேர்

மலைமேல் ஏரி இருக்கிற ஊருக்கு வந்துபோனவர்களுக்கெல்லாம் ஏரி தெரியும், ஏரியைச் சுற்றிக் குதிரையில் போனது தெரியும், குதிரைமேல் உட்கார்ந்து பல்லைக் காட்டி எடுத்துக்கொண்ட படம் தெரியும். அந்தக் குதிரைகள் பொழுது சாய்ந்தால் எங்கே போய்ப் படுக்கின்றன என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. அவை லாயத்தெருவில் படுத்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சரிவில் இறங்குகிற ஒற்றைத் தெரு, ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் லாயங்கள், மேல்முனையில் மாதா கெபி, கீழ்முனையில் பள்ளிவாசல், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், விடிந்தால் அந்தக் குழாயடியில் சண்டை. லாயத்தெருக்காரர்களுக்கு ரோஷம் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். அந்தத் தெருப் பெண்ணைப் பார்த்துச் சீட்டியடித்த லாரி டிரைவர் ஒருவன், கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஓடியே இறங்கினான் என்பார்கள். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பேருக்குக் குறைச்சல் இல்லாமல்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

மைனர் என்பது ராயப்பனுடைய குதிரையின் பேர். அது வைத்த பேர் அல்ல, தானாக வந்து ஒட்டிக்கொண்ட பேர். குட்டியாய் இருக்கும்போதே அது நடக்கிற நடையையும், பிடரியைச் சிலுப்புகிற சிலுப்பையும், எதிரே ஒரு பொட்டைக் குதிரை வந்துவிட்டால் மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு கனைக்கிற கனைப்பையும் பார்த்துத் தெருவே அப்படிக் கூப்பிட்டது. ராயப்பனுக்குப் பெண்டாட்டி செத்துப் பல வருஷம். ஒரே மகள் செலினை வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்த பாசத்தையெல்லாம் கொள்ளில் கலந்து மைனருக்குப் போட்டார். அது வளர்ந்து வாலிபமாகி நின்றபோது அவருக்கே அதன் பக்கத்தில் நிற்பதில் ஒரு பெருமை இருந்தது.

வாலிபம் என்றால் சும்மா இருக்குமா? சீசன் சமயம், புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு கரையோரம் பதவிசாகப் போய்க்கொண்டிருந்த மைனர், அக்கரையில் ஒரு பொட்டைக் குதிரை வாலைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு, சுற்றிப் போக எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று நினைத்தாற்போல் நேரே ஏரிக்குள் இறங்கிவிட்டது. பெண் நனைந்துபோய்ச் சிரித்தாள். அவள் புருஷன்தான் சிரிக்கவில்லை. அவன் தங்கியிருந்த லாட்ஜின் முதலாளி மறுநாளே காதர் பாயைக் கூப்பிட்டு அனுப்பினார். காதர் பாய் குதிரைக்காரர் சங்கத்தின் தலைவர், சொந்தத்தில் நாலு குதிரை உள்ளவர், ராயப்பனோடு சின்ன வயதிலிருந்தே பழகினவர். அந்தக் குதிரைக்குக் காயடித்தால்தான் இனி என் லாட்ஜிலிருந்து உங்கள் குதிரைக்கு ஆள் வரும், இல்லையென்றால் ஒரு குஞ்சுகூட வராது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊரில் பெரிய லாட்ஜ் அதுதான்.

சங்கம் கூடியது. கூடுவதற்கு முன்பே முடிவு தெரியும். ஒரு குதிரைக்காகத் தெருவே பட்டினி கிடக்க முடியாது என்பது நியாயம்தான், ராயப்பனும் அதை மறுக்கவில்லை. அவரைக் குடைந்தது வேறு விஷயம்.

லாயத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குதிரைக்குக் காயடிக்கும்போது யாராவது ஒருவர் அதன் தலைமாட்டில் குந்தி, அதன் காதில் தன் பேரைச் சொல்லி, செய்கிறது நான், பாவம் என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பேர் கொடுப்பது என்று பேர். பேர் காதில் விழாமல் வெட்டினால் குதிரை யாரை நோவது என்று தெரியாமல் எல்லாரையும் நோகும் என்பார்கள். பேர் கொடுத்தவருக்கோ வம்சம் துளிர்க்காது. ஒரு வித்தை அழித்ததற்கு ஒரு வித்து, அவ்வளவுதான் கணக்கு. அதற்காகவே அந்தத் தெருவில் சவரிமுத்து என்கிற கட்டைப் பிரம்மச்சாரி ஒருவரை எல்லாருமாகச் சோறு போட்டு வைத்திருந்தார்கள். குதிரைக்குக் குதிரை அவர்தான் பேர் கொடுத்தார், எனக்கென்ன பிள்ளையா குட்டியா என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர் போன மழைக்காலத்தில் செத்துப்போனார். அவருக்குப் பிறகு பிள்ளைகுட்டி இல்லாதவர் என்று தெருவில் ஒருத்தரும் இல்லை.

"குதிரை உன்னோடது ராயப்பா. பேரையும் நீதான் குடுக்கணும்," என்றார் காதர் பாய், முகத்தைப் பார்க்காமல்.

"செலினு மாசமா இருக்கா பாய். இப்பத்தான் மூணாம் மாசம்."

"எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குல்ல."

எல்லாருக்கும் அவரவர் வீட்டுத் தொட்டில்தான் கண்ணில் ஆடியது.

கால்நடை டாக்டர் காலையில் வந்தார். ஊசி போட்டதும் மைனரின் முன்னங்கால் மடங்கியது, பின்பு மொத்த உடம்பும் வைக்கோலில் சாய்ந்தது, கண் மட்டும் திறந்திருந்தது. டாக்டர் கத்தியை எடுக்கும்போது ராயப்பன் தலைமாட்டில் குந்தினார். வாயைக் காதருகே கொண்டுபோனார். ராயப்பன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மகளின் வயிறு நினைவுக்கு வந்தது. நான் கேட்டா செய்கிறேன், இவர்கள் சொல்லித்தானே செய்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. பொய்கூட இல்லையே என்று தோன்றியது.

"லாயத்தெரு," என்றார். "செய்றது லாயத்தெரு. பாவம் லாயத்தெருவோடது."

மைனரின் காது ஒருமுறை துடித்து அடங்கியது. டாக்டர் வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போனார். வாசலில் நின்றவர்கள், பேர் கொடுத்தாச்சா என்று கேட்டார்கள், ராயப்பன் கொடுத்தாச்சு என்றார், அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அவரவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குப் போனார்கள்.

மறுநாள் விடிந்தபோது குழாயடியில் பாண்டியம்மாளின் குடத்தை யாரோ ஒருத்தி நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். பாண்டியம்மாள் என்றால் லேசுப்பட்ட ஆள் அல்ல, அவள் வாயைத் திறந்தால் செத்த பாட்டன் பூட்டனெல்லாம் எழுந்து வந்து பதில் சொல்ல வேண்டும். வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்தத் தயாரானார்கள். பாண்டியம்மாள் நகர்ந்த குடத்தைப் பார்த்தாள், நகர்த்தினவளைப் பார்த்தாள். "பரவால்லடி, நீயே பிடி," என்றாள். அன்றைக்குக் காதர் பாயின் தம்பி, பத்து வருஷமாக வேலித் தகராறு உள்ள பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தன் கையாலேயே வேலியைப் பிடுங்கிக் கொடுத்தான். அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் படுத்தார்கள். அன்றைக்குச் சேவல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே குப்பையைக் கிளறின, நாய்கள் தபால்காரரைக் கண்டு வாலாட்டின. பசி இருந்தது, சிரிப்பு இருந்தது, அழுகையும் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. வீடு வீடாகப் போய் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனதுபோல், கைக்குழந்தை முதல் கிழடு வரை எல்லாரிடமிருந்தும் அது போயிருந்தது.

தெருவுக்கு முதலில் சந்தோஷம்தான். ஏன் போனது, எங்கே போனது என்று யார் கேட்டார்கள்? தலைவலி போனால் எங்கே போனாய் என்று அதைத் தேடிக்கொண்டா ஓடுவோம்? பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் இது தபசு கால ஜெபத்தின் பலன் என்றார், பள்ளிவாசலில் இது நோன்பின் பரக்கத் என்றார்கள், இரண்டையும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். பெண்கள் முதுகில் காயம் ஆறியது. பிள்ளைகள் பரீட்சையில் தோற்றுவிட்டுப் பயமில்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். லாயத்தெருக் குதிரைக்காரர்கள் எவ்வளவு மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் மெச்சினார்கள், லாட்ஜ் முதலாளி மைனரின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, இப்பத்தான் இது குதிரை என்றார். மைனர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அது கனைத்து வெகுநாளாகியிருந்தது.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுவது ஒரு காலம், ஆடு தானே வந்து படுத்துவிட்டால் ஓநாய் எதற்கு அழ வேண்டும்? மளிகைக்கடையில் லாயத்தெருக்காரர்களுக்கென்று தனியாக ஒரு எடை வந்தது. பரவால்ல என்று வாங்கிப் போனார்கள். மேல்தெருக்காரர்கள் சாக்கடையை இவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். பரவால்ல என்று தாண்டி நடந்தார்கள். சவாரி போய்விட்டுக் காசு கொடுக்காமல் போனவர்களுக்கும் கையசைத்து வழியனுப்பினார்கள். கடைசியில் லாட்ஜ் முதலாளி, ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாகக் குதிரைகள் நிற்கிற இடத்தைக் கார் நிறுத்தத் தனக்கு வேண்டும் என்று வளைத்துச் சுவர் எழுப்பினார். சுவருக்குக் கல் சுமந்ததே லாயத்தெரு ஆட்கள்தான். வெயில் நேரத்தில் அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவள் பாண்டியம்மாள். ஊர்க்காரர்கள் அந்தத் தெருவுக்குப் பரவால்லத் தெரு என்று புதுப் பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தார்கள்.

ராயப்பனுக்கு மட்டும் காரணம் தெரியும், தெருவுக்கு வித்து அதன் ரோஷம்தான், கணக்கு அங்கே தீர்ந்திருந்தது. தெரிந்து என்ன? விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி அவரும் நெஞ்சுக்குள் அடிக்கடி துழாவிப் பார்ப்பார், அங்கே குழிதான் இருக்கும். மகள் வயிற்றுப் பிள்ளை நல்லபடியாக இருக்கிறதே, அது போதும், தெரு என்ன செத்தா போய்விட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். அந்தச் சமாதானத்தில் ஒரு நாள் செலின் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முந்தானையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, கையில் ஒரு பையோடு தெருவில் நடந்து வந்தாள். புருஷன் ஜெயசீலன் அடிப்பது இன்று நேற்றல்ல, கல்யாணமான மறுவாரமே தொடங்கியதுதான், அப்பாவுக்குத் தெரிந்தால் கொலை விழும் என்று பயந்துதான் இத்தனை நாள் மறைத்திருந்தாள். இப்போது கொலை விழுந்தாலும் சரி என்றுதான் வந்திருந்தாள். ராயப்பன் அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்து அழுதார். ஒத்தடம் கொடுத்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், அதில் எதையோ தேடினாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஜெயசீலன் வந்தான், துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். லாயத்தெருவின் பழைய பேர் அவனுக்குத் தெரியும், அதனால் தெருமுனையிலேயே கால் தயங்கியது. காதர் பாய் எழுந்து, வாங்க மாப்ள என்று நாற்காலி போட்டார். பாண்டியம்மாள் முட்டைக் குழம்பும் தோசையும் கொண்டுவந்து வைத்தாள். ஜெயசீலன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இரண்டாவது தோசைக்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, வாசலில் நின்ற செலினின் முடியைப் பிடித்து இழுத்து, தெருவே பார்க்க ஓர் அறை விட்டான்.

"யாரைக் கேட்டுடி வந்த?"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டியடித்தவனை மலை இறக்கின தெரு. "பரவால்ல மாப்ள, விடுங்க," என்றார் காதர் பாய்.

ராயப்பன் ஓடி வந்தார். எதற்கு ஓடி வந்தார் என்று வந்து நின்ற பிறகு அவருக்கே தெரியவில்லை. கை இரண்டும் தொங்கின. "பைய மாப்ள," என்றார். "மாசமா இருக்கா. கொஞ்சம் பாத்து."

"பாத்துத்தான் மாமா அடிக்கிறேன்," என்று சிரித்தான் அவன். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

பஸ் படியில் கால் வைத்தபோது செலின் திரும்பினாள். அவளுக்குத் தெருவின் நோய் இல்லை, பேர் கொடுத்த அன்றைக்கு அவள் இந்தத் தெருக்காரி இல்லை. ஆனபடியால் அவள் கண் மட்டும் எரிந்தது.

"உங்களுக்குக் கோவமே வரலையாப்பா?"

"வரலையேம்மா," என்றார் ராயப்பன். பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரை அங்கேயே நின்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் லாயத்தில் மைனரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபம் இல்லாத பாசம் என்ன செய்யும்? ஒத்தடம் கொடுக்கும், கஞ்சி வைக்கும், பஸ் ஏற்றி விடும். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு அவர் மகளைப் பிணமாகத்தான் திரும்ப வாங்க முடியும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிள்ளை முக்கியமா, பிள்ளையைச் சுமக்கிறவள் முக்கியமா? பிறக்காத ஒன்றுக்காகப் பிறந்ததைக் கொடுப்பதா? தராசின் இரண்டு தட்டிலும் ரத்தம். எந்தப் பக்கம் தாழ்ந்தாலும் அவருடைய ரத்தம்தான். வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் எழுந்து மைனரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"மைனரு, அன்னிக்கிச் சொன்னது பொய்யிடா. தெரு இல்ல. நான்தான். ராயப்பன். செஞ்சது நான், பாவம் என்னோடது."

காது துடித்தது. உடனே பாதத்தில் ஏதோ சுட்டது. அது முழங்காலுக்கு ஏறி, நெஞ்சில் வந்து நின்றபோது ராயப்பன் பல்லைக் கடித்த சத்தம் அவர் காதுக்கே கேட்டது. வெளியே ஒரு குடம் உருண்டது. அதற்குப் பின்னால் பாண்டியம்மாளின் குரல் கிளம்பியது. எடை குறைந்த அரிசிக்கும், திரும்பின சாக்கடைக்கும், தன் கையாலேயே கொடுத்த மோருக்கும், இத்தனை மாதமும் சேர்த்துவைத்த வசவு முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. நாய்கள் குரைத்தன. கதவுகள் படீர் படீரென்று திறந்தன. காதர் பாய் தெரு நடுவில் நின்று, நாற்காலி போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

விடிந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கடப்பாரையோடு ஏரிக்குப் போனது, அந்தச் சுவர் பொழுது உச்சிக்கு வருமுன் தரைமட்டமானது, லாட்ஜ் முதலாளி ஜன்னலைச் சாத்திக்கொண்டார், குதிரைகள் பழைய இடத்தில் போய் நின்றன. மறு பாதி முதல் பஸ்ஸில் ராயப்பனோடு மலை இறங்கியது. ஜெயசீலன் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனை அடித்த அடியை வத்தலக்குண்டு பார்த்தது. ராயப்பன் அடித்து முடித்துவிட்டு, இவன் ஏன் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தான் என்று அப்புறம்தான் யோசித்தார்.

செலின் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வயிறு காலியாக இருந்தது.

தெரு அவளைக் கையில் ஏந்தாத குறையாகக் கூட்டிவந்தது. ஜெயசீலன் உதைத்து உதைத்தே பிள்ளையைக் கொன்றான் என்று தெரு சொன்னது. பாண்டியம்மாள் பத்தியச் சமையல் செய்து கொடுத்தாள், காதர் பாய் நாட்டுக்கோழி வாங்கி அனுப்பினார், இனி எவனாவது நம்ம பிள்ளைமேல் கை வைக்கட்டும் என்று நாக்கைத் துருத்தினார்கள். ராயப்பன் வாயைத் திறக்கவில்லை. செலின் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் அவள் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். லாயத்தெரு என்று சொன்னதைச் சொன்னார், ராயப்பன் என்று மாற்றிச் சொன்னதையும் சொன்னார்.

அவள் பூண்டை வைத்துவிட்டாள். "மாத்திச் சொன்னது எப்ப?"

"விளக்கு வெக்கிற நேரம்."

"அப்பத்தான் எனக்கு வலி எடுத்துச்சு."

"அவன்தான ஒதைச்சான்?"

"பஸ்ஸ விட்டு எறங்கின ஒடனேயே ஒதைச்சான். அதுக்கு முந்தியும் எத்தனையோ தடவ ஒதைச்சிருக்கான். புள்ள அசைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

"உன்னயக் காப்பாத்தணும்னுதாம்மா."

"மொதல்ல புள்ளயக் காப்பாத்தணும்னு தெருவக் குடுத்தீங்க. அப்புறம் என்னயக் காப்பாத்தணும்னு புள்ளயக் குடுத்தீங்க." அவள் குரல் உயரவில்லை. "அந்தக் குதிரைய யாரு கேட்டா? அதே மாதிரி என்னயவும் யாரும் கேக்கல. உங்களுக்கும் அவனுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

ராயப்பனுக்குப் பாதத்தில் சுட்டது. அது முழங்காலுக்கு ஏறியது, நெஞ்சுக்கு வந்தது. பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது, யாருக்காக அந்தப் பாவத்தையும் இந்தப் பாவத்தையும் சுமந்தேன் என்று ரத்தம் தலைக்கு ஏறியது. "வாய மூடுடி," என்று கத்தினார். கத்தின பிறகுதான் தன் வலது கை தலைக்குமேல் ஓங்கியிருப்பதைப் பார்த்தார்.

செலின் ஒதுங்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, அடி வாங்கத் தோதாகக் கன்னத்தைக் காட்டினாள்.

"அடிங்கப்பா," என்றாள். "இந்தக் கோவத்தத் திரும்ப வாங்கத்தான அம்புட்டையும் குடுத்தீங்க."